குதிரைத்திறனா, கைத்திறனா? டிராக் ரேஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிராக் ரேஸ் (drag race) என்பது இரண்டு கார்கள் நேர்கோட்டில் மோதும் குறுந்தூரப் பந்தயம். அமெரிக்காவில் பல சிற்றூர்களில் அதற்கான தடத்தை வாரத்தில் ஓரிரவு எல்லோருக்கும் திறந்து விடுவார்கள். கட்டணம் கட்டி, காரை ஒருவர் சோதித்துச் சரி என்றால், காலையில் ஆபீஸுக்குப் போய்வந்த அதே காரிலேயே ஓட்டலாம். வேலைக்காக அங்கே போன காலத்தில் வேடிக்கை பார்க்க நுழைந்து, பிறகு சொந்தக் காரோடு வரிசையில் நிற்கத் தொடங்கியவன் நான். ஊர் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: எஞ்சின் பெரிதா, ஓட்டுகிறவர் பெரிதா?

நேர்கோட்டில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதில் என்ன திறமை இருக்கிறது?

நானும் இதைக் கேட்டவன்தான். இரண்டு கார்கள், நேரான தடம், கால் மைல். அதாவது 1,320 அடி, நம் கணக்கில் 402 மீட்டர். சிறிய டிராக்குகளில் அதில் பாதி, 660 அடி. வளைவு கிடையாது, முந்திச் செல்லும் நுணுக்கம் கிடையாது. ஆனால் சர்க்யூட் ரேஸில் ஒரு வளைவில் சொதப்பினால் அடுத்த சுற்றில் ஈடுகட்டிக்கொள்ளலாம். இங்கே மொத்த ரேஸும் 13 விநாடியில் முடிந்துவிடும். முதல் ஒன்றரை விநாடியில் செய்த தப்பு கடைசிக் கோடு வரை கூடவே வரும்.

அதிக குதிரைத்திறன் உள்ள கார்தானே ஜெயிக்கும்?

இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பி, முதலில் கோட்டைத் தொடுகிறவர் வெற்றி என்றால், பெரும்பாலும் ஆமாம். ஆனால் குதிரைத்திறன் கூடுகிற வேகத்தில் நேரம் குறையாது. டிராக் ஆட்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. ஓட்டுநரோடு சேர்த்து காரின் எடையைப் பவுண்டில் எடுத்து, குதிரைத்திறனால் வகுத்து, வருவதன் கனமூலத்தை 5.825-ஆல் பெருக்க வேண்டும். கால் மைலுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய வந்துவிடும்.

3,500 பவுண்டு (சுமார் 1,590 கிலோ) காரை எடுத்துக்கொள்ளுங்கள். 300 குதிரைத்திறனுக்கு 13.2 விநாடி. 330 ஆக்கினால் 12.8. 400-க்கு 12.0. செலவு செய்து இரட்டிப்பாக்கி 600-க்குக் கொண்டுபோனாலும் 10.5-தான். சக்தி இரண்டு மடங்கு, நேரமோ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே குறைந்திருக்கிறது. கனமூலம் செய்கிற வேலை.

இன்னொன்று: இந்தக் கணக்கு, கார் டயர் சுழலாமல் ஒழுங்காகக் கிளம்பியது என்று வைத்துக்கொண்டு போடுவது. 12.0 ஓட வேண்டிய 400 குதிரைத்திறன் காரைப் புதியவர் ஒருவர் 13.5-க்கு ஓட்டுவது வாராவாரம் பார்க்கிற காட்சி. 300-க்கு மேல் காகிதத்தில் இருக்கிற நூறு குதிரையும் ஸ்டார்ட்டிங் லைனிலேயே கட்டுத்தறியில் நின்றுவிட்டன என்று அர்த்தம்.

தப்பு காரிடமா என்னிடமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓடி முடித்துத் திரும்பும் வழியில் ஒரு சிறு கூண்டிலிருந்து பில் மாதிரி ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். டைம் ஸ்லிப். அதில் ரியாக்‌ஷன் டைம் (பச்சை விளக்குக்குப் பின் கிளம்ப எடுத்த நேரம்), 60 அடி நேரம், 330 அடி நேரம், பாதித் தூரத்தின் நேரமும் வேகமும், 1,000 அடி நேரம், கடைசியில் மொத்த நேரமும் முடிவு வேகமும் இருக்கும். மொத்த நேரத்தை இ.டி. என்பார்கள். முடிவு வேகம் கடைசி 66 அடியின் சராசரி.

புதியவர்கள் இ.டி.யை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டைப் பாக்கெட்டில் மடித்து வைத்துக்கொள்வார்கள். பார்க்க வேண்டியது முடிவு வேகத்தை. கிளம்பும்போது கொஞ்சம் சொதப்பினாலும் முடிவு வேகம் பெரிதாக மாறாது. அது எஞ்சினின் சாட்சி. 60 அடி நேரம் டயருக்கும் உங்கள் கால்களுக்குமான சாட்சி. அதே 400 குதிரைத்திறன் கார் மணிக்கு 113 மைலுக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். சீட்டில் 113 மைலும் இருக்கிறது, இ.டி. 13.5-ஆகவும் இருக்கிறது என்றால் எஞ்சின் தன் வேலையைச் செய்துவிட்டது. மெக்கானிக்கிடம் போக வேண்டாம்.

இதைப் புரிந்துகொள்ளாமல் நான் முதல் வருடம் ஏர் இன்டேக், எக்ஸாஸ்ட் என்று வாங்கி மாட்டினேன். முடிவு வேகம் ஒரு மைல் கூடியது. இ.டி. அப்படியே. பக்கத்து வரிசைப் பெரியவர் ஒருவர் என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பின் டயரில் காற்றை இறக்கிவிட்டார். அன்றிரவே கால் விநாடி குறைந்தது. வாங்கின சாமான்களின் ரசீதை வீட்டில் காட்டவே இல்லை.

அந்த முதல் 60 அடிக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

மொத்தத் தூரத்தில் அது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அங்கே 0.1 விநாடி மிச்சம் பிடித்தால் கால் மைல் முடிவில் சுமார் 0.15 விநாடி மிச்சமாகும் என்பது எல்லா டிராக்கிலும் சொல்கிற கணக்கு. 60 அடியைச் சீக்கிரம் தாண்டுகிற கார் அங்கே அதிக வேகத்தோடும் இருக்கிறது. மீதித் தூரம் முழுக்க அந்த வேகத்தின் மேல்தான் கூட்டிக்கொண்டு போகிறது.

சராசரித் தெரு டயரில் 60 அடி 2.1 விநாடி ஓடுகிறவர் பழகிப் பழகி 1.8-க்கு வந்தால், கடைசியில் 0.45 விநாடி குறைகிறது. முன்னே போட்ட கணக்கில் 30 குதிரைத்திறன் கூட்டினால் கிடைத்தது 0.4. காலை ஒழுங்காக வைக்கத் தெரிந்தவர் எஞ்சினைத் தொடாமலே அந்த 30-ஐச் சம்பாதித்துக்கொள்கிறார்.

எப்படி? டயர் தரையை அதிகம் பிடிப்பது, மிக லேசாக வழுக்கும்போது. முழுக்கச் சுழன்றால் பிடி போய்விடும், புகைதான் மிச்சம். கொஞ்சமும் வழுக்காவிட்டால் எஞ்சின் மூச்சடைத்து முக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடம் ஒன்று இருக்கிறது. கிளட்ச் காரில் அது இடது காலின் அரை அங்குலத்தில் இருக்கிறது. எவ்வளவு ஆர்.பி.எம்.மில் விடுவது, படக்கென்று விடுவதா நழுவ விடுவதா என்பது காருக்குக் கார், டயருக்கு டயர், அன்றைய தரைச் சூட்டுக்கு ஏற்ப மாறும். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதித்து, எஞ்சினை ஓரளவு உசுப்பி வைத்து விடுவிப்பார்கள்.

கிளம்புவதற்கு முன் டயரைத் தண்ணீரில் நனைத்துச் சுழற்றிப் புகை விடுவது ஷோவுக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. அது டயரைச் சூடாக்கி, ஒட்டியிருக்கும் தூசி கல்லை உதறுவதற்கு. டிராக்குக்கான, பள்ளமில்லாத ஸ்லிக் டயருக்கு அவசியம். சாதாரணத் தெரு டயரோடு வந்தவர் அந்தத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போவதே நல்லது. டயர் பள்ளங்களில் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட்டிங் லைனில் சொட்டவிட்டால், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உங்களை மறக்க மாட்டார்கள்.

ரியாக்‌ஷன் டைம் மோசமானால் இ.டி.யும் மோசமாகுமா?

ஆகாது. அதிகம் பேர் குழம்புகிற இடம் இது. பச்சை விளக்கு எரிந்த கணத்தில் இ.டி. கடிகாரம் ஓட ஆரம்பிப்பதில்லை. முன் சக்கரம் கோட்டிலுள்ள ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான் ஆரம்பிக்கிறது. பச்சை விழுந்தபின் இரண்டு விநாடி கொட்டாவி விட்டுக் கிளம்பினாலும் உங்கள் சிறந்த இ.டி. கிடைக்கலாம். ரேஸ் மட்டும் போயிருக்கும்.

ஸ்டார்ட்டிங் லைனில் நிற்கிற விளக்குக் கம்பத்துக்குக் கிறிஸ்துமஸ் ட்ரீ என்று பெயர். 1963 முதல் இருக்கிறது. அதற்கு முன் ஒருவர் கொடியசைத்துக் கிளப்புவார். அமெச்சூர் ரேஸில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து, பிறகு பச்சை. பச்சை விழும் அதே கணத்தில் சக்கரம் ஒளிக்கற்றையைத் தாண்டினால் 0.000. அதற்கு முன் தாண்டினால் சிவப்பு, ஆட்டம் அவுட்.

பச்சையைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் தோற்பீர்கள். கண் பார்த்து, மூளை சொல்லி, கால் அசைய சுமார் 0.2 விநாடி. கார் அசைந்து, சக்கரம் உருண்டு ஒளிக்கற்றையைத் தாண்ட இன்னொரு 0.2, 0.3. ஆக மொத்தம் அரை விநாடி. கடைசி மஞ்சளுக்கும் பச்சைக்கும் உள்ள இடைவெளியும் அதே அரை விநாடி. ஆகவே கடைசி மஞ்சள் எரிந்த கணத்தில் காலை எடுக்க வேண்டும். சொல்வது சுலபம். தெருவில் இருபது வருடம் பச்சைக்காகக் காத்திருந்து பழகிய கால், மஞ்சளில் எழாது. என் முதல் மாதச் சீட்டுகளில் 0.5-க்குக் கீழே ஒன்றுகூட இல்லை.

சக்தி குறைந்த கார் நேருக்கு நேர் ஜெயிக்க முடியுமா?

முடியும். உங்கள் ரியாக்‌ஷன் 0.040, இ.டி. 12.90, கூட்டினால் 12.940. எதிராளிக்கு 0.310, 12.70, கூட்டினால் 13.010. அவர் கார் 0.2 விநாடி வேகமானது, கோட்டை முதலில் தொட்டது நீங்கள். இதற்கு ஹோல்ஷாட் வெற்றி என்று பெயர். தோற்றவர் தன் சீட்டை நம்பாமல் மூன்று முறை பார்ப்பார்.

பிராக்கெட் ரேஸ் என்கிறார்களே, அது என்ன?

அமெச்சூர் டிராக் ரேஸின் உயிர் அதில்தான் இருக்கிறது. பணக்காரர் எஞ்சினும் ஏழை எஞ்சினும் ஒரே மைதானத்தில் மோத வழி செய்கிற ஏற்பாடு. ஒவ்வொருவரும் தன் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்று தானே ஓர் எண்ணை அறிவிக்க வேண்டும். அது டயல்-இன். வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுதிக்கொள்வார்கள். மெதுவான காருக்கு வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு நேரம் முன்னதாகப் பச்சை விழும். அறிவித்த எண்ணைவிடச் சீக்கிரம் ஓடினால் பிரேக்-அவுட், தோல்வி. இல்லையென்றால் எல்லோரும் பெரிய எண்ணைப் போட்டு ஏமாற்றிவிடுவார்களே.

ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம். ஒரு பக்கம் பழைய ஸ்டேஷன் வேகன், டயல்-இன் 15.20. மறுபக்கம் பளபளக்கும் மஸ்டாங், 10.50. வேகனுக்கு 4.70 விநாடி முன்னதாகப் பச்சை. வேகன் ஓட்டுநர் ரியாக்‌ஷன் 0.025, ஓடியது 15.23, தன் எண்ணைவிட 0.03 கூடுதல். மொத்த நஷ்டம் 0.055. மஸ்டாங்காரர் ரியாக்‌ஷன் 0.090, ஓடியது 10.51. நஷ்டம் 0.100. வேகன் 0.045 விநாடியில் ஜெயிக்கிறது. மணிக்கு 200 கிலோமீட்டரில் துரத்தி வரும் மஸ்டாங்குக்கு அது இரண்டரை மீட்டர் தூரம்.

மஸ்டாங்கின் குதிரைத்திறன் இங்கே ஒரு பைசாவுக்குப் பிரயோஜனப்படவில்லை. ஜெயிக்க வைத்தவை இரண்டு: விளக்குக்குச் சரியாகக் கிளம்பியது, சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் ஓடியது. வேகமான காரைவிட, பத்து முறை ஓட்டினால் பத்து முறையும் ஒரே நேரம் காட்டுகிற கார்தான் பிராக்கெட்காரர்களுக்குத் தங்கம். அமெரிக்காவில் அலபாமாவில் 1996-இல் தொடங்கிய மில்லியன் டாலர் ரேஸ் இந்த முறையில் நடப்பதுதான்.

வேண்டுமென்றே பெரிய எண்ணைப் போட்டுவிட்டு, கடைசியில் பிரேக் பிடித்தால்?

செய்கிறார்கள், விதியில் இடமும் உண்டு. 10.45 ஓடும் கார் 10.50 என்று எழுதிக்கொண்டு வரும். கையில் 0.05 விநாடி சேமிப்பு. கோட்டை நெருங்கும்போது ஓட்டுநர் கண்ணாடியிலும் பக்கத்திலும் எதிராளியைப் பார்த்து, ஓர் அடி இரண்டடி முன்னே இருக்கும்படி பிரேக்கைத் தட்டிக் கோட்டைக் கடப்பார். அதிகம் தட்டினால் எதிராளி முந்திவிடுவார், தட்டாமல் விட்டால் பிரேக்-அவுட். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டே எடுக்கிற முடிவு இது. சிலருக்கு இது ஏமாற்று வேலையாகப் படுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. டிராக்கில் நான் பார்த்த மிகக் கஷ்டமான கைவேலை இதுதான். கற்றுக்கொள்ள முயன்று நிறைய பிரேக்-அவுட் வாங்கியிருக்கிறேன்.

இருவருமே பிரேக்-அவுட் ஆனால், குறைவாக மீறியவருக்கு வெற்றி. ஒருவர் சிவப்பு, மற்றவர் பிரேக்-அவுட் என்றால் சிவப்பு வாங்கியவர் தோற்றார்.

எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் செய்துவிடுகிறதாமே?

கொஞ்சம் உண்மை. டிரான்ஸ்பிரேக் என்று ஒன்று, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒன்றாகப் பூட்டி காரை நிறுத்தி வைக்கும். பட்டனை விட்டால் பாயும். டிலே பாக்ஸ் வைத்தவர் முதல் மஞ்சளைப் பார்த்ததுமே பட்டனை விடலாம். அவர் வைத்த நேரம் கழிந்தபின் பெட்டி காரை விடுவிக்கும். கடைசி மஞ்சளுக்காகக் கணித்துக் காத்திருக்கும் பதற்றம் போய்விடும். ஆனால் எதிராளியிடமும் அதே பெட்டி இருக்கிறது. போட்டி நூறில் ஒரு பங்கு விநாடியிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இறங்கியதுதான் மிச்சம். அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் பிராக்கெட் தொடரில் இந்தப் பெட்டிகளுக்கு சூப்பர் ப்ரோ என்று தனிப் பிரிவே இருக்கிறது. பெட்டி இல்லாமல் ஓட்ட விரும்புகிறவர்கள் வேறு பிரிவில் ஓட்டலாம். புதியவர்கள் அங்கே ஆரம்பிப்பதே நல்லது.

எலக்ட்ரிக் கார் வந்தபின் ஓட்டுநருக்கு என்ன வேலை?

கிளட்ச் இல்லை, கியர் இல்லை, டயர் வழுக்கினால் மில்லி விநாடியில் கம்ப்யூட்டர் சரிசெய்துவிடுகிறது. 1,020 குதிரைத்திறன் கொண்ட டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டுக்கு நிறுவனம் சொன்ன கால் மைல் நேரம் 9.23 விநாடி. ஒரு குடும்பக் காருக்கு இது அநியாயம். 60 அடியில் நான் மேலே எழுதிய கைத்திறன் முழுக்க அங்கே மென்பொருளுக்குள் போய்விட்டது. ஆனால் விளக்கைப் பார்ப்பது இன்னும் மனிதக் கண்தான். பிராக்கெட்டில் பேட்டரி சார்ஜ் இறங்க இறங்க நேரம் மாறும், அதைக் கணித்து எண் போட வேண்டும்.

காலையில் ஓடிய நேரம் இரவில் ஏன் மாறுகிறது?

காற்று. குளிர்ந்த காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி அதிகம், எஞ்சினுக்குச் சக்தி கூடும். மதியம் 13.30 ஓடிய கார் இரவில் 13.18 ஓடினால், பழைய எண்ணையே வைத்திருக்கும் பிராக்கெட்காரர் பிரேக்-அவுட்டில் வீட்டுக்குப் போவார். அதனால்தான் பலர் சின்ன வானிலைக் கருவியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உயரமும் அப்படித்தான். டென்வர் பக்கத்தில் பேண்டிமியர் என்று ஒரு டிராக் 2023 வரை இருந்தது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,800 அடி. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். கடலோரத்தில் 13.2 ஓடும் கார் அங்கே 14-ஐத் தொடும். டென்வர்காரர் சீட்டையும் கடலோரக்காரர் சீட்டையும் வைத்துக்கொண்டு இணையத்தில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. எதில் போடுவது?

நுழைவுக் கட்டணத்தில். நாற்பது ஐம்பது முறை ஓட்டுங்கள், ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் டயர் காற்று, கிளப்பிய ஆர்.பி.எம்., வெயில் எல்லாம் எழுதி வையுங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அடுத்து நல்ல டயர். பிறகு எடை; ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடக்கும் கிரிக்கெட் மட்டை எல்லாம் இறக்குவதற்குச் செலவே இல்லை. 60 அடி நேரம் இதற்கு மேல் குறையாது என்கிற நிலை வந்தபின் எஞ்சினைத் தொடலாம். அப்போது கூட்டுகிற ஒவ்வொரு குதிரையும் தரைக்குப் போகும்.

உடல்பலம், வயது ஏதாவது தடையா?

இல்லை. அமெரிக்க ஓட்டுநர் ஷெர்லி மல்டவுனி 1977, 1980, 1982 என மூன்று முறை, மிக வேகமான பிரிவான டாப் ஃப்யூயலில் பட்டம் வென்றார், அதுவும் பெண் ஓட்டுவதா என்று முனகிய காலத்தில். அமெச்சூர் டிராக்கில் எழுபது வயதுக்காரர்கள் சர்வசாதாரணம். அவர்களிடம்தான் நான் அதிகம் தோற்றிருக்கிறேன்.

பாதுகாப்பு விதிகள்?

என்.எச்.ஆர்.ஏ. விதிப்படி 13.99 விநாடி அல்லது அதைவிட வேகமாக ஓடும் கார்களில் ஹெல்மெட் கட்டாயம். 9.99-க்கு வந்துவிட்டால் பொதுவாக ரோல் கேஜும் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு) போட்டி லைசென்ஸும் வேண்டும். தொழிற்சாலையில் வந்தபடியே இருக்கும் புதிய கார்களுக்குச் சில தளர்வுகள் உண்டு. ஆயில் ஒழுகும் காரை வரிசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த ஒரு சொட்டில் வழுக்கப் போவது அடுத்தவர்.

தமிழ்நாட்டில் எங்கே ஓட்டலாம்?

ஈ.சி.ஆரில் கூடாது. 1951-இல் வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ.வைத் தொடங்கியதே தெருவில் பந்தயம் விட்டவர்களை மூடிய தடத்துக்குள் கொண்டுவரத்தான். நம் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பைக்குகளுக்கான தேசிய டிராக் ரேஸ் போட்டிகள் நடக்கின்றன. பைக்கில் எடை குறைவு, முன் சக்கரம் தூக்கும், கிளட்ச் கையில். 60 அடி விவகாரம் காரைவிட இன்னும் நுணுக்கம்.

கொங்குப் பக்கத்து நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்க ரேக்ளாவும் 200 மீட்டர்தானுங்க, அங்கயும் நேரம் வெச்சுத்தான் பார்க்கறாங்க" என்றார். அமெரிக்கச் சின்ன டிராக்கின் 660 அடி 201 மீட்டர். மாட்டுக்குக் கிளட்ச் உண்டா என்று கேட்டேன். "கயித்தப் புடிக்கறவன் கையிலதானுங்க இருக்குது" என்றார்.